வாசகர் கேள்வி – பதில்: பெல்ஜியத்துப் பண்ணை பீரை எடைபோடுவது எப்படி?

கேள்வி: பணி நிமித்தமாக பிரஸ்ஸல்ஸில் தங்கியிருக்கிறேன். நண்பர் ஒருவர் 'செசோன் துப்போன்' பாட்டில் ஒன்றைக் கொடுத்து, பண்ணை பீர் வகைக்கு இதுவே உரைகல் என்றார். எனக்கோ யாரோ மிளகையும் கிராம்பையும் தட்டிப் போட்டதுபோல் இருந்தது. இனிப்பு மருந்துக்கும் இல்லை. இதை எப்படிச் சுவைத்து மதிப்பிடுவது?

பதில்: நண்பர் சொன்னது சரிதான். பெல்ஜியத்தில் பிரெஞ்சு பேசப்படும் எனோ மாகாணத்தில் தூர்ப் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே 1844 முதல் ஒரு பண்ணையை ஒட்டி இயங்கிவந்த பீர் ஆலையை ஆல்ஃபிரெட் துப்போன் என்பவர் 1920இல் தம் மகனுக்காக வாங்கினார். உங்கள் கைக்கு வந்த பாட்டில் அந்த ஆலையில் பிறந்தது. 'செசோன்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்குப் பருவம் என்று பொருள். குளிர்மாதங்களில் காய்ச்சி வைத்துக் கோடையில் வயல் வேலைக்கு வருவோருக்கு ஊற்றிக் கொடுத்த பானம் என்பது இதைப் பற்றி வழங்கும் கதை. அதில் ஆவணம் எவ்வளவு, பிற்காலத்தார் சேர்த்த மெருகு எவ்வளவு என்பதில் பீர் வரலாற்றாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு.

மிளகையும் கிராம்பையும் யாரும் போடவில்லை. எல்லாம் பீரை நொதிக்க வைக்கும் நுண்ணுயிரான ஈஸ்டின் வேலை. ஈஸ்ட் மேலே திரண்டு நொதிக்கும் 'மேல்நொதி' பீர்களைப் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில்தான் நொதிக்க வைப்பார்கள். துப்போன் ஆலையிலோ அது 30 டிகிரியையும் தாண்ட விடுவார்கள். வேறு ஈஸ்டாக இருந்தால் அந்தச் சூட்டில் பீர் பாழாகியிருக்கும். மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய தானியத்தில், உள்ள ஃபெரூலிக் அமிலத்தை இந்த ஈஸ்ட் மாற்றுவதால் கிராம்பு வாசனையும், அதே நொதித்தலில் உண்டாகும் எஸ்டர்கள் என்ற மணப்பொருள்களால் ஆரஞ்சு, பேரிக்காய் வாசனைகளும் எழுகின்றன. செசோன் ஈஸ்ட்கள் பலவற்றுக்கு, மற்ற ஈஸ்ட்கள் தொடாமல் விட்டுவிடும் டெக்ஸ்ட்ரின்கள் என்ற மாவுச்சத்துத் துண்டுகளையும் உடைத்துத் தின்னும் திறன் உண்டு. நீங்கள் தேடிய இனிப்பு அப்படித்தான் காணாமற்போனது.

குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் குடிக்காதீர்கள். 8 முதல் 12 டிகிரிக்குள் இருக்கும்போதுதான் வாசனை வாய்திறக்கும். அடிவயிறு அகன்று வாய் குறுகிய கண்ணாடிக் கோப்பை ஏற்றது. பாட்டிலுக்குள் வாயு மிகுதி. ஆகவே கம்பியைத் தளர்த்திய பிறகு தக்கையைக் கையால் அழுத்திப் பிடித்தபடியே திருகி எடுக்க வேண்டும். கோப்பையைச் சாய்த்து மெதுவாக ஊற்றினாலும், முட்டை வெள்ளையை அடித்ததுபோன்ற நுரை பாதிக் கோப்பைக்கு எழும்பிவிடும். நுரை அடங்கும் முன்பே மூக்கை உள்ளே விட்டு முகருங்கள். மெல்லிய வாசனைகள் முதல் நிமிடத்தில்தான் தெளிவாகக் கிடைக்கும். அடியில் தங்கும் ஈஸ்ட் வண்டலை முதல் கோப்பையில் விழவிடாமல் நிறுத்தி, இரண்டாவதில் கலந்து ஊற்றிப் பாருங்கள். காரம் சற்று மழுங்கி, ரொட்டி மாவின் சாயல் ஒன்று கூடியிருப்பதை உணர்வீர்கள்.

ஒயின் சுவைப்போர் துப்பிவிடுவதுபோல் பீரைத் துப்பக் கூடாது. பீருக்குக் கசப்பூட்டச் சேர்க்கும் ஹாப்ஸ் பூக்களின் கசப்பு விழுங்கிய பிறகே முழுவதும் தெரியும். என்னைக் கேட்டால் இந்த வகையின் தரம் தெரியும் இடமும் அதுதான். விழுங்கிவிட்டுப் பத்து விநாடி சும்மா இருங்கள். பாகுபோல் நாக்கில் எதுவும் ஒட்டக் கூடாது. கசப்பும் மிளகுக் காரமும் மட்டும் நின்று, வாய் தானாகவே அடுத்த மடக்கைக் கேட்க வேண்டும். ஆல்கஹால் 6.5 விழுக்காடு இருந்தும் தொண்டையில் சூடாக இறங்கினால் அது குறை. மூக்கில் மசாலா கமகமத்து, முடிவில் இனிப்பு தங்கும் பீர்களுக்குப் பலரும் மதிப்பெண்ணை அள்ளிக் கொடுக்கிறார்கள், நான் கொடுப்பதில்லை.

கேள்வி: பச்சைப் பாட்டிலில் வாங்கிய செசோன் ஒன்றில் கெட்ட பூண்டும் எரிந்த ரப்பரும் கலந்ததுபோன்ற வாடை அடித்தது. பீர் கெட்டுவிட்டதா?

பதில்: ஒளி பட்டுவிட்டது. ஹாப்ஸின் கசப்புப் பொருள்கள் ஒளியில் சிதைந்து, கந்தகம் கொண்ட ஒரு சேர்மமாக மாறுகின்றன; அணுவளவு இருந்தாலும் மூக்கு கண்டுபிடித்துவிடும். பழுப்புக் கண்ணாடி இதைப் பெருமளவு தடுக்கிறது, பச்சைக் கண்ணாடியால் அவ்வளவு முடிவதில்லை. ஒருமுறை நண்பகலில் சன்னலோர மேசையில் கோப்பையை வைத்துவிட்டுக் குறிப்பெழுத உட்கார்ந்தேன். நல்ல வாசனை என்று எழுதிய பீரே பாதிக் கோப்பை தீர்வதற்குள் நாறத் தொடங்கியது. கடையில் வெளிச்சம் படும் முன்வரிசையை விட்டு, மூடிய அட்டைப்பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லிக் கேளுங்கள்.

கேள்வி: செசோன் புளிக்கலாமா? போட்டிகளில் மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

பதில்: நாக்கோரத்தில் லேசான சுரீர் இருந்தால் தவறில்லை. பல் கூசும் அளவுக்குப் புளித்தால் காட்டு ஈஸ்டோ பாக்டீரியாவோ சேர்ந்திருக்கிறது. தயாரிப்பாளர் வேண்டுமென்றே சேர்த்திருந்தால் அது வேறு வகையாகக் கருதப்படும். பீர் நடுவர்களுக்குத் தேர்வு வைத்துச் சான்றளிக்கும் பி.ஜே.சி.பி. என்ற அமெரிக்க அமைப்பின் படிவத்தில் மொத்தம் 50 மதிப்பெண்: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் தன்மைக்கு 5, ஒட்டுமொத்த மதிப்புக்கு 10. தோற்றத்துக்கு மூன்றே மூன்று என்பதைக் கவனியுங்கள். கலங்கலைக் கண்டு முகம் சுளிப்பவர்களுக்கு அதுவே பதில். வீட்டில் மதிப்பிடும்போது எண்ணைக் கடைசி இரண்டு மடக்கு மிச்சமிருக்கையில் எழுதுங்கள். குளிர் முற்றிலும் விலகிய அந்த நேரத்தில், அதுவரை மறைந்திருந்த வெண்ணெய் வாடையோ நனைந்த அட்டையின் வாடையோ இருந்தால் வெளிப்பட்டுவிடும்.