காற்று வீசுகிறது, மாடலில் நீர் ஏன் நகரவில்லை?

கேள்வி: எங்கும் 2 மீட்டர் ஆழமும் 5 கி.மீ. நீளமும் கொண்ட செவ்வக ஏரியை இருபரிமாணக் கணினி மாடலில் அமைத்தேன். விநாடிக்கு 8 மீட்டர் காற்று கொடுத்தும், சில மணி நேரத்தில் நீரோட்டம் பூஜ்யமாகிவிடுகிறது. நிரலில் பிழையா?

பதில்: பிழையே இல்லை. மேல்மட்ட நீரைக் காற்று தன் போக்கில் தள்ளுகிறது. எதிர்க்கரையில் நீர் சற்றே ஏறுகிறது. அந்தச் சரிவு அடிநீரைத் திருப்பி அனுப்புகிறது. போவதும் வருவதும் சமம். இருபரிமாண மாடல் மேலிருந்து அடிவரை சராசரி எடுப்பதால் இரண்டும் கழிந்து பூஜ்யம்தான் மிஞ்சும்.

நீங்கள் பார்க்க வேண்டியது நீர்மட்டத்தை. காற்றின் அடர்த்தி 1.2, இழுவைக் கெழு (காற்று நீரை எந்த அளவு பற்றி இழுக்கிறது என்பதைக் குறிக்கும் எண்) 0.0013, வேகத்தின் வர்க்கம் 64. மூன்றையும் பெருக்கினால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 நியூட்டன் தகைவு, அதாவது நீர்ப்பரப்பின் மேல் காற்றின் இழுவிசை. இதை நீரின் அடர்த்தி 1000, ஈர்ப்பு முடுக்கம் 9.81, ஆழம் 2 ஆகியவற்றின் பெருக்குத்தொகையால் வகுத்து, நீளம் 5000 மீட்டரால் பெருக்குங்கள். இரு கரைகளுக்கும் 2.5 செ.மீ. வித்தியாசம் வர வேண்டும். வந்தால் மாடல் தேறிவிட்டது.

உண்மையான ஆழ வரைபடத்தைக் கொடுத்தால் சுழல்கள் தோன்றும்: ஆழமற்ற ஓரங்களில் நீர் காற்றோடு போகும், ஆழமான நடுப்பகுதியில் எதிர்த்து வரும். அதைக் காண இருபரிமாணம் போதும். மிதக்கும் பாசி எந்தக் கரையில் ஒதுங்கும், வண்டல் எங்கே நகரும் என்ற கேள்விகளுக்கு மட்டும் அதை நம்பவே கூடாது. பாசி மேற்பரப்பு ஓட்டத்தோடு போகிறது, வண்டல் அடி ஓட்டத்தோடு. சராசரியோடு எதுவும் போவதில்லை. எட்டுப் பத்து அடுக்குகளுள்ள முப்பரிமாண மாடலுக்கு மாறுங்கள். மேற்பரப்பிலும் அடியிலும் அடுக்குகள் மெல்லியதாக இருக்கட்டும். அடியோட்டத்தின் உராய்வும் சேர்வதால் 2.5 செ.மீ. அதில் கொஞ்சம் கூடும், பதற வேண்டாம்.

கேள்வி: புவிச் சுழற்சியைச் சேர்ப்பது அவசியமா?

பதில்: கணிப்பு நேரம் அதிகரிக்காது என்பதால் சேர்த்துவிடுங்கள். வெப்ப அடுக்குகள் உள்ள ஏரியில் உள்ளலையின் (அடுக்குகளுக்கிடையே நீருக்குள் ஓடும் அலை) வேகம் விநாடிக்கு 0.3 மீட்டர் என்றால், 45 பாகை அட்சரேகையில் அகலம் 3 கி.மீ.யைத் தாண்டினாலே விளைவு தெரியும். 10 பாகையில் இது 12 கி.மீ.

கேள்வி: கரையிலுள்ள வானிலை நிலையத்தின் தினசரி சராசரிக் காற்றைப் பயன்படுத்தலாமா? கருவி 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது.

பதில்: தினசரி சராசரி வேண்டவே வேண்டாம். பகல் முழுக்க விநாடிக்கு 6 மீட்டர், இரவில் அமைதி என்று வையுங்கள். சராசரி 3, அதன் வர்க்கம் 9. வர்க்கங்களின் சராசரியோ 18. தகைவில் பாதி காணாமல் போய்விட்டது! மணிக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். 10 நிமிடத் தரவு கிடைத்தால் இன்னும் நல்லது.

மேலே சொன்ன இழுவைக் கெழு 10 மீட்டர் உயரக் காற்றுக்கானது. நீர்ப்பரப்பின் மேல் 2 மீட்டரில் அளந்த வேகத்தை 1.17ஆல் பெருக்குங்கள், தகைவு 37 சதவீதம் கூடும். கருவி கரையில், மரங்களுக்கிடையே இருந்தால் இந்த மடங்கு செல்லாது. ஏரி நடுவில் மிதவையொன்றில் கருவி பொருத்தி, சில வாரங்கள் இரண்டையும் ஒப்பிட்டுத் திசைவாரியாக மடங்கு கண்டுபிடிப்பதே வழி.

திசையையும் சரிபாருங்கள். வானிலைத் தரவு காற்று வரும் திசையைச் சொல்லும். பல மாடல்கள் போகும் திசையைக் கேட்கும். 180 பாகை தவறினாலும் படங்கள் அழகாகத்தான் வரும், அதனால் இந்தத் தவறு மாதக்கணக்கில் கண்ணில் படாமல் போகலாம்.

கேள்வி: மாடலில் ஏரியைப் பிரிக்கும் கட்டங்களின் அளவை 100 மீட்டரிலிருந்து 50 ஆக்கியதும் எண்கள் தாறுமாறாக எகிறி மாடல் நின்றுவிடுகிறது. நேரப்படி (ஒரு கணிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி) 4 விநாடி, அதிகபட்ச ஆழம் 20 மீட்டர்.

பதில்: 20 மீட்டர் ஆழத்தில் பரப்பலை விநாடிக்கு 14 மீட்டர் ஓடும். 4 விநாடியில் 56 மீட்டர். அதாவது ஒரே படியில் ஒரு கட்டத்தைத் தாண்டிவிடுகிறது. இரு திசைகளிலும் பரவுவதால் நேரப்படியின் வரம்பு இன்னும் இறுகி 2.5 விநாடியாகும். 2 விநாடி வையுங்கள். அதன் பிறகும் நீர்மட்டம் ஊசலாடினால் அது பெரும்பாலும் பிழையாக இருக்காது, காற்றைத் திடீரெனத் தொடங்கியதன் விளைவு. 6 மணி நேரத்தில் படிப்படியாகக் காற்றை ஏற்றி, ஊசல் அடங்கும்வரையிலான முடிவுகளை ஒதுக்கிவிடுங்கள்.