பேக்ஜே மன்னர் முர்யோங்: கேள்வி பதில்

கொரியத் தீபகற்பத்தின் தென்மேற்கில் இருந்த பேக்ஜே நாட்டின் 25ஆம் மன்னர் முர்யோங். 501 முதல் 523 வரை ஆண்ட அவரைப் பற்றி அன்பர்கள் கேட்டவற்றுக்கு விடையளிக்கிறேன்.

கேள்வி: அவர் அரியணை ஏறியபோது நாடு எந்த நிலையில் இருந்தது, ஐயா?

மிகவும் நொடித்த நிலையில். 475இல் வடக்கே இருந்த அண்டை நாடான கோகுர்யோவின் மன்னர் ஜாங்சுவின் படை, இன்றைய சியோல் பகுதியில் இருந்த தலைநகரைப் பிடித்து மன்னர் கேரோவைக் கொன்றது. எஞ்சியோர் தெற்கே நகர்ந்து, கும் ஆற்றங்கரையில் மலைகள் அரணாக நின்ற உங்ஜினைத் தலைநகராக்கிக் கொண்டனர். இன்றைய கோங்ஜு நகரம் அதுவே. அங்கும் அமைதி இல்லை. 501இல் வேட்டைக்குச் சென்று பனியில் சிக்கிய மன்னர் தோங்சோங்கை, பேக் கா என்னும் அதிகாரி ஏவிய ஆள் குத்திக் கொன்றான். அடுத்து வந்த முர்யோங்கின் முதல் வேலை, கோட்டைக்குள் இருந்து கலகம் செய்த பேக் காவை அடக்குவதாயிற்று. சரணடைந்து வெளியே வந்தவனின் தலையை வெட்டி, உடலை ஆற்றில் எறியச் செய்தார்.

கேள்வி: முர்யோங் யாருடைய மகன்? நூலுக்கு நூல் வேறுபடுகிறதே?

1145இல் தொகுக்கப்பட்ட கொரிய வரலாற்று நூலான 'சம்குக் சாகி' அவரைத் தோங்சோங்கின் இரண்டாம் மகன் என்கிறது. 720இல் முடிந்த ஜப்பானிய 'நிஹோன் ஷோகி'யோ, அவர் 461இல் ஒரு தீவில் பிறந்ததாகவும், தீவைக் குறிக்கும் 'ஷிமா' என்னும் சொல்லே அவருக்குப் பெயராயிற்று என்றும் சொல்கிறது. 1971இல் கிடைத்த கல்லறைக் கல்வெட்டு அவரைச் 'சாமா மன்னர்' என்றே அழைக்கிறது. முர்யோங் என்பது இறந்தபின் சூட்டிய பெயர். 523ஆம் ஆண்டு ஐந்தாம் மாதம் 7ஆம் நாள், 62ஆம் வயதில் அவர் மறைந்ததாக அக்கல் கூறுவதால், பிறந்த ஆண்டையே முதல் வயதாக எண்ணும் அக்கால வழக்கின்படி 462இல் பிறந்தவராகிறார். ஜப்பானிய நூலோடு ஓராண்டே வேறுபாடு. 479இல் சிறு வயதில் முடிசூடியதாகச் சொல்லப்படும் தோங்சோங், அப்போதே 18 வயதை எட்டியிருந்தவருக்குத் தந்தையாக இருந்திருக்க இயலாது. ஜப்பானிய நூல் தன் அரசவையின் பெருமைக்கு ஏற்ப எழுதும் இயல்புடையதுதான். ஆயினும் இந்த ஒன்றில் அதன் பக்கமே நான் சாய்கிறேன். அவருடைய தந்தை கேரோவா, கேரோவின் தம்பி கோன்ஜியா என்னும் வழக்கு மட்டும் இன்னும் தீரவில்லை.

கேள்வி: போர் தவிர வேறு என்ன செய்தார்?

506இல் பஞ்சம் வந்தபோது அரசுக் களஞ்சியங்களைத் திறந்துவிட்டார். 510இல் நீர்நிலைகளின் கரைகளைப் பலப்படுத்தவும், ஊர் விட்டு அலைந்தவர்களைத் திரும்ப உழவில் அமர்த்தவும் ஆணையிட்டார். என் கணிப்பில், 512இல் 3,000 குதிரை வீரர்களுடன் கோகுர்யோவை வென்றதைவிட இதுவே பெரிய செயல். வயிறு நிறைந்த நாடு என்பதால்தான், 521இல் சீனத்து லியாங் அரசவைக்குத் தூதனுப்பி, 'மீண்டும் வலுப்பெற்றுவிட்டோம்' என்று அறிவிக்க முடிந்தது.

கேள்வி: கல்லறைக்கான நிலத்தை விலைக்கு வாங்கினார்களாமே?

ஆம், மண்ணுலகத் தெய்வங்களிடமிருந்து! 10,000 காசு கொடுத்து நிலம் வாங்கியதாக ஒரு கல்லில் பத்திரமே பொறித்து, அதன்மேல் சீனத்து இரும்புக் காசுகளை வைத்திருந்தனர். 526இல் அரசி மறைந்தபின் அதே கல்லைத் திருப்பி, மறுபுறத்தில் அவருக்கான கல்வெட்டைச் செதுக்கினர். அரசியின் வெள்ளிக் காப்பு ஒன்றின் உட்புறத்தில், அதைச் செய்த தாரி என்னும் கைவினைஞரின் பெயரும் இருக்கிறது.

கேள்வி: இந்தியாவிலிருந்து வந்த இளவரசியை மணந்தவர் இவரா?

இல்லை. அக்கதை கொரியாவின் தெற்கில் இருந்த காயா என்னும் வேறொரு நாட்டின் மன்னர் சுரோவைப் பற்றியது.

கேள்வி: அகழாய்வைக் குறை கூறுகிறார்களே, ஏன்?

பக்கத்துக் கல்லறைகளில் நீர் கசியாமலிருக்க வடிகால் வெட்டியபோது தற்செயலாகச் செங்கல் தட்டுப்பட்டது. கொள்ளையர் கைபடாத அரச கல்லறை; மாதக்கணக்கில் செய்திருக்க வேண்டிய வேலை. செய்தியாளரும் ஊர்மக்களும் திரண்டு நெருக்க, ஓர் இரவுக்குள் எல்லாவற்றையும் வாரி வெளியே கொண்டுவந்துவிட்டனர். எந்தச் சிறு மணி எங்கே கிடந்தது என்பது அத்தோடு அழிந்தது. குழுத்தலைவர் கிம் வோன்யோங் பின்னாளில் அதற்காக வெளிப்படையாக வருந்தினார்.

கேள்வி: கோங்ஜு சென்றால் உள்ளே பார்க்கலாமா?

உட்புறம் மூடப்பட்டுள்ளது, அருகே அதேபோல் அமைத்த மாதிரியைக் காணலாம். கிடைத்த பொருள்கள் கோங்ஜு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ளன. வாயிலைப் பார்த்தபடி நின்ற காவல் விலங்கின் கற்சிலையைத் தவறவிடாதீர்கள். 30 சென்டிமீட்டர் உயரம்தான். தலையில் இரும்புக் கொம்பு, உதட்டில் செம்பூச்சின் எச்சம், பின்காலில் முறிவு. ஓடிவிடக் கூடாதென்று வேண்டுமென்றே முறித்தார்கள் என்பாரும் உண்டு.