நார்கொண்டத்து இருவாட்சியும் அமாவாசைச் சோறும்

(அந்தமானில் இருபத்தேழு வருஷம் சாலைப் பணி ஓவர்சீயராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். பறவை படித்தவன் அல்ல, பார்த்தவன். இந்த மாதம் வந்த கேள்விகளில் சில.)

கே: எங்கள் வால்பாறையிலேயே இருவாட்சிப் பறவை இருக்கிறது. நார்கொண்டம் இருவாட்சிக்கு மட்டும் ஏன் இவ்வளவு பேச்சு?
— வால்பாறை வாசகர்

உங்கள் இருவாட்சிக்கு மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது; அதன் பெரிய சொந்தக்காரர்கள் இமயமலை அடிவாரத்திலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். நார்கொண்டத்துக்காரனுக்கு ஒரே ஒரு தீவு. வட அந்தமானுக்குக் கிழக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கடலுக்கு நடுவே 710 மீட்டர் உயரத்துக்கு எழுந்து நிற்கும் பழைய எரிமலை அது. பரப்பு ஏழு சதுர கிலோமீட்டர்கூட வராது. நம் பக்கத்தில் ஒரு பெரிய ஏரியே அதைவிட அகலமாக இருக்கும். உலகத்தில் வேறெங்கும் அந்தப் பறவை கிடையாது. 'நரகக் குண்டம்' என்பதே நார்கொண்டமாகத் திரிந்தது என்பார்கள். பறவைக்கு அது நரகமாகத் தெரியவில்லை. அத்தி மரங்கள் நிறைந்த காடு.

ஆணுக்குத் தலையும் கழுத்தும் துருப்பிடித்த செம்மை. பெண்ணுக்கு அவையும் கறுப்பு. இரண்டுக்கும் வால் வெள்ளை. பெண் மரப்பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொள்ளும், சிறு கீறல் மட்டும் விட்டு. அந்தக் கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டும். ஆணுக்கு ஏதாவது ஆனால் குடும்பமே போச்சு. இந்தப் பறவையை 1873-ல் உலகுக்கு எழுதிச் சொன்னவர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம். ஆமாம், பின்னால் காங்கிரஸைத் தொடங்கினாரே, அதே ஹியூம்தான்.

நான் அந்தத் தீவில் கால் வைத்ததில்லை. அனுமதி இல்லாமல் யாரும் போக முடியாது. என் பக்கத்து வீட்டுக்காரர் போலீஸ். அங்கே உள்ள காவல் சாவடியில் முறை போட்டு இருந்துவிட்டு வருவார். "அண்ணே, தலைக்கு மேல அது பறந்தா ரயில் என்ஜின் மூச்சு விடற மாதிரி இருக்கும்" என்பார். சாவடிக்கு வந்த ஆட்கள் 1970-களில் கறிக்காக ஆடுகளைக் கொண்டு போய் விட்டார்கள். புலியும் நரியும் இல்லாத தீவில் ஆட்டுக்கு என்ன குறை? பெருகின. மரக்கன்றுகளை எல்லாம் மேய்ந்தன. இருக்கிற மரம் சாயும்போது அடுத்த மரம் இல்லையென்றால் பொந்துக்கு எங்கே போவது? பிறகு பாடுபட்டு ஆடுகளை அப்புறப்படுத்தினார்கள். அங்கே கடலோரக் காவல் படை ரேடார் வைக்கும் திட்டத்தை 2012-ல் சுற்றுச்சூழல் அமைச்சகம் மறுத்தது, 2014-ல் அனுமதித்தது. எல்லைக் காவல் வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஏழு சதுர கிலோமீட்டரில் ஒவ்வொரு மரமும் கணக்குத்தான்.

கே: நிக்கோபாரில் ஒரு கோழி முட்டையை அடைகாக்காமல் மண்ணில் புதைத்துவிட்டுப் போய்விடுமாமே? சோம்பேறிக் கோழியா?
— திருவையாறு வாசகி

சோம்பேறியா! ஒரு ஆள் உயரத்துக்குக்கூட மேடு கட்டும் அம்மா அது. பெயர் மெகாபோடு; 'பெருங்கால்' என்று பொருள். மணல், மண், இலைச்சருகு எல்லாவற்றையும் காலால் வாரி வாரிக் குவிக்கும். உங்கள் வீட்டு எருக்குழிக்குள் கைவிட்டுப் பார்த்திருப்பீர்கள், சுடும் அல்லவா? அதே சூடுதான் முட்டையைப் பொரிக்கிறது. குஞ்சு சிறகோடு பிறந்து, தானே மண்ணைத் தோண்டிக்கொண்டு வெளியே வந்து, தாய் முகம் பார்க்காமலே காட்டுக்குள் நடந்துவிடும்.

மேடுகள் பெரும்பாலும் கடற்கரையை ஒட்டி இருக்கும். அதனால்தான் 2004 டிசம்பர் 26 சுனாமி அவற்றுக்கும் ஊழியாக வந்தது. பிறகு கணக்கெடுத்தபோது ஜோடிகள் ஏறத்தாழ 70 சதவீதம் குறைந்திருந்தன. அந்தப் பறவையின் பெயரையே வைத்திருந்த மெகாபோடு தீவு, சரணாலயம், கடலுக்குள் போய்விட்டது. இப்போது பெரிய நிக்கோபாரின் கலத்தியா விரிகுடாவில் பெரிய துறைமுகம் வரப்போகிறது. அந்தக் கரையிலும் மேடுகள் உண்டு. மேட்டைப் பெயர்த்து வேறிடத்தில் வைக்கலாம் என்று யாராவது சொன்னால், வேலியைப் பெயர்த்து வைக்கிற மாதிரி இல்லை அது என்று மட்டும் சொல்வேன்.

கே: பறவைக்கூட்டில் சூப் வைப்பது உண்மையா?
— சிவகாசி வாசகர்

உண்மை. உழவாரன் இனத்தில் ஒரு சின்னப் பறவை, குகைச் சுவரில் தன் எச்சிலால் கூடு கட்டும். சீனச் சமையலில் அதற்குத் தங்க விலை. அந்தமான் குகைகளில் கூடுகளைத் திருடித் திருடி ஒழித்துக்கொண்டிருந்த நேரத்தில், கோயம்புத்தூர் சாலிம் அலி பறவை ஆய்வு மையத்தைச் சேர்ந்த ரவி சங்கரன் ஒரு வேலை செய்தார்: கூடு எடுத்தவர்களையே குகைக்குக் காவல் வைத்தார். குஞ்சு பறந்த பிறகு கூட்டை எடுத்தால் பறவைக்கும் ஆளுக்கும் நஷ்டமில்லை என்பது அவர் வாதம். 2009-ல் சின்ன வயதிலேயே போய்விட்டார்.

கே: மூன்று நாள் டூர் வருகிறோம். பறவை பார்க்க எங்கே போகலாம்?
— நாமக்கல் வாசகி

போர்ட் பிளேருக்குத் தெற்கே உள்ள சிடியா டாப்பு. ஆனால் ஓட்டலில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒன்பது மணிக்குப் போகாதீர்கள். அங்கே கோடையில் நாலரைக்கே வெளுக்க ஆரம்பித்துவிடும். நெற்றியில் சிவப்பு வைத்த கரிய மரங்கொத்தி, துடுப்புவால் கரிச்சான், மாலையில் கிளிக் கூட்டம். செம்போத்து மட்டும் ஏமாற்றும். அங்கே அது கறுப்பில்லை, மங்கிய பழுப்பு.

வழியில் சிப்பிக்காட்டில் நில்லுங்கள். எனக்குத் தெரிந்து அது வயல். சுனாமியன்று தென் அந்தமான் நிலமே ஏறக்குறைய ஒரு மீட்டர் இறங்கியது. உப்புநீர் ஏறி வயல் போனது. மூழ்கிய சாலையை மண் கொட்டி உயர்த்திய கூட்டத்தில் நானும் ஒருவன். வேலை நடக்கும்போதே அந்தமான் தாரா வந்து இறங்கியது, கண்ணைச் சுற்றிச் சுண்ணாம்பு தடவிய மாதிரி. கரையில் நின்ற விவசாயி அதைப் பார்க்கவே இல்லை. தன் வரப்பு எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

கே: அந்தமானில் காக்கையே இல்லை என்கிறார்களே. அமாவாசைக்கு என்ன செய்வீர்கள்?
— மன்னார்குடி வாசகி

காக்கை இல்லை என்பது தப்பு. மைனாவும் சிட்டுக்குருவியும்தான் வெள்ளைக்காரன் கப்பலில் வந்தவை. அண்டங்காக்கை அங்கேயே பிறந்து வளர்ந்தது. என் அம்மாவுக்கும் இதே கவலை. நான் வேலைக்குப் போன முதல் வருஷம், இன்லண்ட் லெட்டரில் நலம் விசாரிக்கும் முன்பே கேட்டிருந்தாள்: "சோறு வைக்கிறியா, காக்கா வருதா?" வருகிறது, ஆனால் நம்மூர் போலக் கழுத்தில் சாம்பல் இல்லை, முழுக் கறுப்பு என்று விவரமாக எழுதிப் போட்டேன். பதில் கடிதம் கப்பலில் வர இருபது நாள் ஆனது.

"கழுத்து எப்படி இருந்தா என்னடா, சாப்பிட்டுச்சா?"