வேலையை விடாமல் மெத்தடோன் சிகிச்சையைத் தொடங்க முடியுமா?

கேள்வி: எனக்கு வயது 34. முதுகில் அறுவைச் சிகிச்சை செய்தபோது எழுதிக் கொடுத்த ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரை, மூன்று ஆண்டுகளில் விட முடியாத பழக்கமாகிவிட்டது. நானாகவே இரண்டு முறை நிறுத்திப் பார்த்தேன். நான்காம் நாளைத் தாண்ட முடியவில்லை. மருத்துவர், அதற்கு மாற்றாகத் தினமும் குடிக்கும் மெத்தடோன் என்ற மருந்தைத் தொடங்கலாம் என்கிறார். காலை எட்டு மணிக்கு நான் வேலையில் இருக்க வேண்டும். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவதும் என் பணிதான். தினமும் மருந்து குடித்துவிட்டு வேலை பார்க்க முடியுமா? மேலாளரிடம் சொல்லியாக வேண்டுமா? ஒரு போதையை விட்டு இன்னொன்றைப் பிடித்துக்கொள்வதாக ஆகிவிடாதா?

பதில்: வேலை பார்த்துக்கொண்டே மெத்தடோன் எடுப்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். டோஸ் நிலைப்பட்ட பிறகு பக்கத்தில் நின்று வேலை செய்பவருக்குக்கூட வேறுபாடு தெரியாது. ஆனால் அந்த நிலையை எட்டும் வரை, குறிப்பாக முதல் இரண்டு வாரங்களில், உங்கள் வேலை நேரத்தை மருந்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ள வேண்டுமே தவிர, வேலைக்கு ஏற்ப மருந்தை அவசரப்படுத்தக் கூடாது. நான் பார்த்த வரையில், தொடக்கத்தில் சிக்கிக்கொள்பவர்களில் பலரும் இந்த அவசரத்தால்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

காரணத்தை ஒரு சிறு கணக்கால் விளக்குகிறேன். மெத்தடோன் உடலில் பாதியாகக் குறைய ஆகும் நேரம் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுபடும். சிலருக்கு 8 மணி நேரம், சிலருக்கு 50 மணி நேரத்துக்கும் மேல். வசதிக்காக 24 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 30 மி.கி. குடிக்கிறீர்கள். மறுநாள் காலையில் அதில் 15 மி.கி. மிச்சமிருக்கும், அதன்மேல் இன்னொரு 30 சேரும்போது 45 ஆகிறது. மூன்றாம் நாள் ஏறக்குறைய 52, நான்காம் நாள் 56. குடித்த அளவு ஒரு சொட்டுக்கூடக் கூடவில்லை. உடலில் உள்ள அளவோ கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிட்டது. இரண்டாம் நாள் மாலை உடம்பு முறுக்கி, கொட்டாவியும் மூக்கொழுகலும் வந்து, ‘இந்த டோஸ் எனக்குப் போதவில்லை’ என்று பழைய மாத்திரையையோ தூக்க மாத்திரையையோ கூடச் சேர்த்துப் போட்டுக்கொள்பவருக்கு மூன்றாம் நான்காம் நாள் இரவில் மூச்சு தளர்ந்துவிடக்கூடும். மெத்தடோன் சிகிச்சையில் அளவு மீறி உயிரிழக்கும் அபாயம் முதல் இரண்டு வாரங்களில் மிக அதிகமாக இருப்பதற்கு இந்தச் சேர்மானமே முக்கியக் காரணம். இதனால்தான் மருத்துவர்கள் பெரும்பாலும் 10 முதல் 30 மி.கி.க்குள் தொடங்கி, சில நாட்களுக்கு ஒருமுறை 5 அல்லது 10 மி.கி. வீதம் கூட்டுகிறார்கள். அதைக் கஞ்சத்தனம் என்று எண்ண வேண்டாம்.

இந்தக் கணக்கு விடுப்பு எடுப்பதிலும் உதவும். வெள்ளிக்கிழமை தொடங்கி, சனி ஞாயிறில் ஓய்வெடுத்து, திங்களன்று வேலைக்குப் போய்விடலாம் என்றுதான் பெரும்பாலோர் திட்டமிடுகிறார்கள். மருந்து உடலில் ஏறி நிற்பது நான்காம் ஐந்தாம் நாளில் என்பதால், இந்தத் திட்டத்தில் மயக்கம் அதிகமாகக்கூடிய நாட்கள் சரியாகத் திங்களிலும் செவ்வாயிலும் வந்து விழும். போதாக்குறைக்கு, க்ளினிக்கில் ஆட்கள் குறைவாக இருக்கும் வார இறுதியில் உங்கள் முதல் நாட்கள் கழியும். ஒரு வாரம்தான் விடுப்பு கிடைக்கும் என்றால் திங்களன்று தொடங்கி அந்த வாரம் முழுவதையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்கள்தான் கிடைக்கும் என்றால், தொடங்கும் நாளைவிட நான்காம் ஐந்தாம் நாட்களுக்கு அவற்றை ஒதுக்குவது நல்லது.

க்ளினிக்கில் நடப்பது மிக எளிமையானது. சிறிய பிளாஸ்டிக் கோப்பையில் அளந்த சிரப்பை நர்ஸ் நீட்டுவார். குடித்ததும் அதே கோப்பையில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசிக் குடிக்கச் சொல்வார். பிறகு ஏதாவது பேச்சுக் கொடுப்பார். நலம் விசாரிப்பது போலத் தோன்றும் அந்தப் பேச்சு, மருந்து வாயில் அடக்கி வைக்கப்படாமல் உள்ளே இறங்கிவிட்டதா என்பதை அறிவதற்கும்தான். இதில் அவமானப்பட ஏதுமில்லை. முதல் நாட்களில் சற்று நேரம் அங்கேயே உட்காரவைப்பார்கள், சில இடங்களில் இரண்டு மூன்று மணி நேரம் கழித்து மீண்டும் வந்து காட்டச் சொல்வார்கள், ஏனென்றால் மருந்தின் உச்ச விளைவு குடித்த 2 முதல் 4 மணி நேரத்துக்குள் தெரியும். காலை ஏழு மணிக்குக் குடித்தால் தூக்கக் கலக்கம் ஒன்பதிலிருந்து பதினொன்றுக்குள், அதாவது நீங்கள் கிடங்கில் நிற்கும் நேரத்தில் வரும் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்த பிறகு, மாலையில் மருந்து தரும் இடம் இருந்தால் முதல் மாதத்துக்கு மட்டும் அதைக் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் உச்ச விளைவு உறக்க நேரத்தோடு சேர்வதால், உறக்கத்தில் மூச்சுத் தடைபடும் தொல்லை உள்ளவர்களும் பலத்த குறட்டை விடுபவர்களும் அதை முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

மூன்றாம் நான்காம் வாரங்கள் வேறு விதமாகப் படுத்தும். அபாயம் குறைந்திருக்கும், டோஸ் இன்னும் முழுமையாக எட்டியிருக்காது. பகலில் நன்றாக இருந்து, மாலையானதும் வியர்வையும் எரிச்சலும் வரும். ‘மெத்தடோன் எனக்கு ஒத்துவரவில்லை’ என்று பலர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான். நிலையான டோஸ் பெரும்பாலானவர்களுக்கு 60 முதல் 120 மி.கி.க்குள் அமைகிறது, 24 மணி நேரமும் விலகல் அறிகுறிகள் (மருந்து குறையும்போது வரும் உடல் தொல்லைகள்) இல்லாமல், பழைய மாத்திரையின் நினைப்பு தலைதூக்காமல், தூக்கக் கலக்கமும் இல்லாமல் இருந்தால் அதுவே உங்கள் டோஸ். எண் பெரியதாக இருப்பதால் நோயும் பெரியது என்று பொருளில்லை. ஒரு நாள் தவறினால் மறுநாள் வழக்கமான அளவுதான். இரட்டிப்பாகக் குடிக்கக் கூடாது. மூன்று நாட்களோ அதற்கு மேலோ தவறினால், உடலின் தாங்கும் திறன் இறங்கியிருக்கும் என்பதால், அதைக் கட்டாயம் சொல்லிவிட்டுத்தான் அடுத்த டோஸை வாங்க வேண்டும். அளவைக் குறைத்தே தருவார்கள்.

மேலாளர் விஷயத்துக்கு வருகிறேன். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனாலும் நோயின் பெயரையும் வேலையில் உள்ள கட்டுப்பாட்டையும் பிரித்துப் பார்ப்பது எங்கும் பயன்படும். ‘தூக்கம் தரக்கூடிய மருந்தைத் தொடங்கியிருக்கிறேன், சில வாரங்களுக்கு வண்டியும் இயந்திரமும் இயக்கக் கூடாது, காலையில் அரை மணி நேரம் தாமதமாக வர அனுமதி வேண்டும்’ என்று மருத்துவரின் சான்றிதழோடு சொல்வது பெரும்பாலும் போதும். கட்டுப்பாட்டை மறைத்துவிட்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறுவதை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ளவே முடியாது. அங்கே ஆபத்து உங்களோடு நிற்காது. நிறுவனத்தில் பணியாளர் நல மருத்துவர் இருந்தால் அவரிடம் முழு விவரத்தையும் சொல்லலாம். அவர் மேலாளருக்குத் தகுதி பற்றி மட்டும் எழுதுவார். சிறுநீர்ப் பரிசோதனை நடக்கும் இடமாக இருந்தால், வழக்கமான ஓபியேட் சோதனை மார்ஃபின் வகையைத்தான் தேடும் என்பதையும், மெத்தடோனுக்குத் தனிச் சோதனை உண்டு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிகிச்சையில் இருப்பதற்கான கடிதத்தைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் முன்பே கொடுத்துவிடுங்கள்; முடிவு வந்த பிறகு காட்டும் கடிதத்தைச் சாக்கு என்றுதான் நினைப்பார்கள்.

‘இன்னொரு போதை’ என்ற கேள்வி நியாயமானது, அதனால் மழுப்பாமல் சொல்கிறேன். மெத்தடோனும் ஓபியாய்டுதான், உடல் அதைச் சார்ந்துதான் இருக்கும், திடீரென நிறுத்தினால் விலகல் அறிகுறிகள் வரும். ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும் மாத்திரை உங்கள் நாளையே துண்டு துண்டாக்குகிறது. அடுத்ததை எங்கே தேடுவது என்ற யோசனையிலேயே வேலை நேரம் போய்விடுகிறது. நாளுக்கு ஒருமுறை குடித்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் நிற்கும் மருந்து அந்த ஓட்டத்தை நிறுத்துகிறது. நியூயார்க்கில் வின்சென்ட் டோலும் மேரி நைஸ்வாண்டரும் 1965இல் வெளியிட்ட ஆய்வில் கவனத்தை ஈர்த்ததும், நோயாளிகள் படிப்புக்கும் வேலைக்கும் திரும்பியதுதான். உலக சுகாதார நிறுவனம் 2005இல் இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. சிகிச்சையில் இருக்கும்வரை உயிரிழப்பு அபாயம் வெகுவாகக் குறைவதும், அவசரமாக நிறுத்தியதும் அது மீண்டும் ஏறுவதும் பல நாடுகளில் உறுதியாகியிருக்கின்றன. எனவே குறைந்தது ஓர் ஆண்டாவது தொடர்வது என்ற எண்ணத்தோடு தொடங்குங்கள்.

உங்கள் வேலையை மனத்தில் வைத்து, இதே சிகிச்சைக்குத் தரப்படும் இன்னொரு மருந்தான புப்ரெனார்ஃபின் பற்றியும் மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன். அதில் மூச்சைத் தளரவைக்கும் விளைவு ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை. சில நாட்களிலேயே நிலையான டோஸை எட்டிவிடலாம். மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியாகவும் சில நாடுகளில் கிடைக்கிறது. குறை ஒன்று உண்டு: விலகல் அறிகுறிகள் நன்றாகத் தொடங்கிய பிறகே பொதுவாக முதல் டோஸை எடுக்க வேண்டும், முந்தினால் அறிகுறிகள் திடீரென மோசமாகும். அதிக அளவில் பழகியவர்களுக்கும் புப்ரெனார்ஃபினில் நிலைக்க முடியாதவர்களுக்கும் மெத்தடோனே பிடித்து நிறுத்துகிறது.

மது, டயாசிபாம், அல்பிரசோலாம், பிரிகாபாலின் ஆகியவற்றில் எதையும் நீங்களாகச் சேர்க்காதீர்கள்; ஏற்கெனவே எடுத்து வருகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். சிப்ரோஃப்ளோக்சசின், ஃப்ளூகோனசோல் போன்றவை மெத்தடோன் அளவை உயர்த்தும். ரிஃபாம்பிசின், கார்பமாசெபின், ஃபெனிடாயின் ஆகியவை அதை இறக்கிவிடும். மயங்கி விழுந்த வரலாறோ இதய நோயோ இருந்தால் தொடங்கும் முன்பே ஈசிஜி எடுக்க வேண்டும்; இம்மருந்து இதயத்தின் மின்னோட்ட லயத்தை மாற்றக்கூடும். மலச்சிக்கலும் வியர்வையும் வெகு சாதாரணம். வேலைக்கு ஒரு மாற்றுச் சட்டை கொண்டுபோவது வீண்போகாது.

பின்னாளில் வீட்டுக்கு மருந்து கொடுத்தனுப்பும்போது அது பூட்டிய பெட்டியில்தான் இருக்க வேண்டும். அலுவலக இழுப்பறையிலோ மதிய உணவுப் பையிலோ கூடாது. உங்களுக்கு ஒரு நாள் டோஸாக இருப்பது ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்கும். ஓபியாய்டு அளவு மீறும்போது அதன் விளைவை முறிக்கும் மருந்தான நலாக்சோன் கிடைத்தால் வாங்கி வைத்து, உடனிருப்பவருக்குக் கற்றுக்கொடுங்கள்: எழுப்பியும் எழாதது, வழக்கத்துக்கு மாறான குறட்டை, நீலம் பாய்ந்த உதடு ஆகியவை அறிகுறிகள். நலாக்சோனின் வேலை ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடலாம், மெத்தடோன் அதற்குப் பிறகும் இருக்கும். ஆகவே கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

முதல் சந்திப்பில், இப்போது எத்தனை மாத்திரை போடுகிறீர்கள், கடைசியாக எப்போது போட்டீர்கள் என்பதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். தொடக்க டோஸ் அதை வைத்துத்தான் முடிவாகும். டோஸ் கூட்டப்படாமல் குறைந்தது இரண்டு வாரங்கள் கடந்து, மருந்து குடித்த மூன்றாம் மணி நேரத்திலும் கண் சொருகாமல் இருந்த பிறகு, மருத்துவரைப் பார்த்து எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு ஃபோர்க்லிஃப்டில் ஏறலாம். அதன்பின் எப்போது டோஸ் கூட்டினாலும் அடுத்த சில நாட்களுக்குச் சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள்.