ஜவ்வு சேர்ந்த பிறகும்

அன்புள்ள ஐயா,

என் தங்கை கல்லூரிக் கபடி அணியில் ரெய்டர் (பாடிச் செல்பவள்). சென்ற ஆண்டு ஒரு போட்டியில் சட்டென்று திரும்பியபோது இடது முட்டியின் ஏசிஎல் ஜவ்வு கிழிந்து, அறுவை சிகிச்சை நடந்தது. பதினொரு மாதங்கள் ஆகின்றன. டாக்டரும் பிசியோவும் விளையாடலாம் என்று சொல்லிவிட்டார்கள். மேட்டில் (ஆடுகள விரிப்பில்) இறங்கினால், எதிரணிப் பக்கம் கூடுதல் புள்ளிக்காகத் தாண்ட வேண்டிய போனஸ் கோட்டுப் பக்கமே போகாமல் திரும்பிவிடுகிறாள். பயிற்சியாளர் 'பயந்தாங்கொள்ளி' என்கிறார். உளவியல் ஆலோசனை என்று பேச்செடுத்தால், "எனக்கென்ன பைத்தியமா?" என்று அழுகிறாள். என்ன செய்வது?

ச., திண்டுக்கல்

அன்புள்ள ச.,

உங்கள் தங்கை கோழை அல்லள். விளையாடலாம் என்று சொன்னவர்கள் காலின் வலுவையும் முட்டியின் வளைவையும் அளந்திருப்பார்கள். அந்தக் காலை அவள் எவ்வளவு நம்புகிறாள் என்பதை யாரும் அளந்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அதையும் அளக்க முடியும். ஆஸ்திரேலிய ஆய்வாளர் கேட் வெப்ஸ்டரும் அவருடைய குழுவினரும் 2008-இல் இதற்கென்றே பன்னிரண்டு கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். மறுபடியும் அடிபடுமோ என்ற அச்சம், முட்டி மடங்கிவிடாது என்ற நம்பிக்கை, இன்னொரு அறுவை சிகிச்சையைப் பற்றிய நினைப்பு ஆகியவற்றையெல்லாம் அது கேட்கிறது. ஏசிஎல் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2014-இல் வெளியான கட்டுரையின்படி, ஏதேனும் ஒரு விளையாட்டுக்குத் திரும்பியவர்கள் 81 விழுக்காடு, போட்டி ஆட்டத்துக்குத் திரும்பியவர்கள் 55 விழுக்காடுதான். இந்த இடைவெளிக்கு அச்சமும் ஒரு முக்கியக் காரணம்.

2011-இல் தம் 22-ஆம் வயதில் அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்துத் தொடரின் மிகச் சிறந்த வீரராகத் தேர்வான டெரிக் ரோஸுக்கு, 2012 ஏப்ரலில் இதே ஜவ்வுதான் கிழிந்தது. மருத்துவர்கள் அனுமதித்த பின்னும் அடுத்த பருவம் முழுவதும் அவர் களமிறங்கவில்லை, ஊரே ஏசியது. (2016 ரியோ ஒலிம்பிக்கில் முட்டி அடிபட்டு ஸ்ட்ரெச்சரில் போன மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2018 ஆசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றதை உங்கள் வீட்டில் யாராவது சொல்லியிருப்பார்கள். "அவளைப் பார்" என்பது ஆறுதல் அன்று, இன்னொரு சுமை.)

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது போனஸ் கோடு. ஒரு கால் கோட்டைத் தாண்டி ஊன்ற, மற்றக் கால் அந்தரத்தில் நிற்க வேண்டிய இடம் அது. அந்த நொடியில் உடம்பின் பாரம் முழுவதும் ஒற்றைக் காலில் இறங்குகிறது. எந்தக் காலை ஊன்ற மறுக்கிறாள் என்று கவனியுங்கள். இடது கால் என்றால், அவள் அஞ்சுவது கபடிக்கு அன்று, ஓர் அசைவுக்கு. உண்மையிலேயே முட்டி வழுக்குவதுபோல் இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். ஆம் என்றால் முதலில் போக வேண்டியது டாக்டரிடம்தான்.

இல்லையென்றால், அந்த அசைவைப் படிப்படியாகத் திரும்பப் பழக்க வேண்டும். முதலில் ஆளில்லாத மேட்டில், அவள் மட்டும் போனஸ் கோட்டைத் தொட்டுத் திரும்பட்டும். அடுத்து, பிடிக்கக் கூடாது என்று சொல்லி எதிரே ஒருவரை நிறுத்தலாம். பிறகு இடுப்பை மட்டும் பிடிக்கலாம். கணுக்கால் பிடி கடைசியில். எப்போது அடுத்த படிக்குப் போவது என்பதை அவள்தான் சொல்ல வேண்டும், பயிற்சியாளர் அல்லர். விளையாட்டு உளவியலாளர் ஒருவர் கிடைத்தால், இந்தப் படிகளை அவர் பிசியோவோடு சேர்ந்தே வகுப்பார். மேட்டில் இறங்குமுன் கண்ணை மூடி அந்தத் திருப்பத்தை மனத்துக்குள் பலமுறை ஓட்டிப் பார்க்கவும் பழக்குவார். இதை ஆலோசனை என்று சொல்லாமல், ரெய்டுக்கான பயிற்சி என்றே தங்கையிடம் சொல்லுங்கள்; அது பொய்யும் இல்லை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்.

அந்தப் பன்னிரண்டு கேள்விகளையும் பிசியோவிடம் கேட்டு வாங்கிக் கொடுங்கள். அவள் தனியாக உட்கார்ந்து நிரப்பட்டும். நீங்கள் எட்டிப் பார்க்க வேண்டாம்.