சாவி போட்டதும் இத்தனை லைட்டா? வாசகர் கேள்வியும் மெக்கானிக் பதிலும்

போன இதழ்ல ஆயில் மாத்தறது பத்தி எழுதினப்போ போற போக்குல "சிவப்பு லைட் எரிஞ்சா வண்டியை நிறுத்திடுங்க"ன்னு ஒரு வரி போட்டேன், அதைப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விங்கதான் இந்தத் தடவை முழுக்க. ஒரே மாதிரி வந்ததையெல்லாம் ஒண்ணாச் சேர்த்துட்டேன், யாரும் கோச்சுக்காதீங்க.

கேள்வி: சார், நான் இப்பதான் வண்டி ஓட்டப் பழகறேன். சாவியைத் திருப்பினதும் டேஷ்போர்டுல பத்துப் பன்னெண்டு லைட் மொத்தமா எரியுது, ஸ்டார்ட் ஆனதும் அணைஞ்சுடுது. நான் எதாவது தப்பாப் பண்றேனா?

பதில்: நீங்க ஒரு தப்பும் பண்ணலை. 'என் லைட்டெல்லாம் வேலை செய்யுது பாத்துக்கோ'ன்னு வண்டி காட்டுது, அவ்வளவுதான். ஸ்டார்ட் பண்ணி சில செகண்ட்ல அணையணும், அணையாம எது நிக்குதோ அதைத்தான் கவனிக்கணும். எல்லாப் படத்தையும் மனப்பாடம் பண்ணாதீங்க, முதல்ல கலரைப் பாருங்க. சிவப்புன்னா இப்பவே ஓரம் கட்டணும், மஞ்சள்னா பாத்து ஓட்டலாம் ஆனா சீக்கிரம் காட்டணும், பச்சை நீலம் ரெண்டும் சும்மா தகவல், இண்டிகேட்டர் போட்டிருக்கீங்க, ஹைபீம் எரியுதுன்னு சொல்றது. சிவப்புலயும் கதவு, சீட்பெல்ட், ஹேண்ட்பிரேக்னா சரி பண்ணிட்டுக் கிளம்பிடலாம். மத்த படமெல்லாம் மேனுவல்ல இருக்கு, வண்டி வாங்கின நாள்லேர்ந்து கவர் கூடப் பிரிக்காம உள்ள கிடக்குமே, அதே புக்குதான்.

கேள்வி: அண்ணே, வளைவுல திரும்பறப்போ மட்டும் ஆயில் லைட் மின்னி மின்னி அணையுது. நேரா போனா ஒண்ணும் இல்ல. அடுத்த சர்வீஸ்ல சொன்னாப் போதும்தானே?

பதில்: போதாது தம்பி, இதைப் படிச்சு முடிச்சதும் போய் ஆயில் குச்சியை உருவிப் பாருங்க. அந்த லைட் பெரும்பாலான வண்டில ஆயில் எவ்வளவு இருக்குன்னு சொல்றதுக்கு இல்ல, ஆயில் பிரஷர் இருக்கா இல்லையான்னு சொல்றதுக்கு, பழைய டிரைவருங்க கூட இதைக் குழப்பிக்கறாங்க. ஆயில் இன்ஜினுக்கு அடியில சம்ப்ங்கற தொட்டில கிடக்கும், பம்ப் அதை உறிஞ்சி மேல அனுப்பும், ஆயில் கம்மியா இருந்தா வண்டி திரும்பறப்போ எல்லாம் ஒரு பக்கமா ஒதுங்கி பம்ப் வெறும் காத்தை உறிஞ்சிடும், அந்த நொடிலதான் உங்களுக்கு லைட் மின்னுது. இன்ஜினோட முக்கியத் தண்டான கிராங்க் ஷாஃப்டைத் தாங்கற கிராங்க் பேரிங் இருக்கே, அது இரும்பு மேல இரும்பா சுத்தறது இல்ல, நடுவுல தலைமுடியை விட மெல்லிசா ஒரு ஆயில் படலம், அதுலதான் மிதக்குது. பிரஷர் போனா படலம் போச்சு, படலம் போனா சில நிமிஷத்துல பேரிங்கும் போச்சு.

நான் தொழில் கத்துக்கிட்டிருந்த காலத்துல, இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானேன்னு அந்த லைட்டோடயே ஒரு வண்டியை ஓட்டிட்டு வந்தேன். பாதில டக் டக்னு தட்ட ஆரம்பிச்சுது, வந்து சேரும்போது கிராங்க் ஷாஃப்டே மாத்தற நிலைமை. அந்தச் சத்தம் இன்னும் காதுல இருக்கு.

சமதரையில நிறுத்தி ஆஃப் பண்ணி ஒரு 5, 10 நிமிஷம் விட்டு குச்சியை எடுத்து துடைச்சு மறுபடி முழுசா உள்ள விட்டு எடுங்க, ஆயில் ரெண்டு குறிக்கும் நடுவுல இருக்கணும். கீழ்க்குறிக்கும் கீழ இருந்தா அதே கிரேடு ஆயிலைக் கொஞ்சம் கொஞ்சமா ஊத்திப் பாருங்க, மேல்குறியைத் தாண்டி ஊத்திடாதீங்க. அளவு சரியா இருந்தும் லைட் எரிஞ்சா சென்சராவும் இருக்கலாம் பம்பாவும் இருக்கலாம், அது தெரியற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாம டோ பண்ணிக் கொண்டுபோங்க.

கேள்வி: எங்க அப்பா காலைல 10 நிமிஷம் இன்ஜினை ஓடவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். நான் ஸ்டார்ட் பண்ணதும் கிளம்பிடறேன். தினமும் சண்டை. யார் சொல்றது சரி?

பதில்: உங்கப்பா அவர் ஓட்டின வண்டிக்குச் சரியாத்தான் பண்ணியிருக்கார். பெட்ரோலையும் காத்தையும் கலந்து விடற கார்புரேட்டர் இருந்த பழைய வண்டில இன்ஜின் சில்லுனு இருந்தா பெட்ரோல் ஒழுங்கா ஆவியாகாது, காத்தைக் குறைக்கற சோக்கை இழுத்து வெச்சு சூடாகற வரைக்கும் காத்திருக்கணும், இல்லேன்னா முக்கி முக்கி ஆஃப் ஆயிடும். இப்ப இருக்கறது இன்ஜெக்‌ஷன் வண்டி, கூலன்ட், அதாவது இன்ஜினைக் குளிர வைக்கற திரவம், எவ்வளவு சூடுன்னு சென்சார் சொல்லுது, அதுக்கேத்த மாதிரி கம்ப்யூட்டரே பெட்ரோலைக் கூடக் கொஞ்சம் விட்டு ஐட்லிங்கையும், அதாவது நின்ன இடத்துல இன்ஜின் ஓடற வேகத்தையும், ஏத்தி வெச்சுக்குது. காலைல ஸ்டார்ட் பண்ணதும் ஆர்பிஎம் முள்ளு (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து சுத்துதுன்னு காட்டறது) ஆயிரத்துக்கு மேல நின்னு அப்புறம் மெதுவா 800 பக்கம் இறங்குது இல்லையா, அதுதான்.

நின்ன இடத்துல ஓடவிட்டா இன்ஜினுக்கு வேலையே இல்ல, வேலை இல்லாம எப்படிச் சூடாகும், டீசல்னா இன்னும் மோசம். அவ்வளவு நேரமும் கூடுதலா விடற பெட்ரோல்ல எரியாத மிச்சம் சிலிண்டர் சுவத்துல இருக்கற ஆயிலைக் கழுவிக்கிட்டு கீழ இறங்கி சம்ப் ஆயில்ல கலக்கும், ஆக நல்லது பண்றோம்னு நினைச்சு ஆயிலைத்தான் கெடுக்கறோம். சைலன்சர் லைன்ல இருக்கற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரும் கிட்டத்தட்ட 250, 300 டிகிரி வந்தாத்தான் புகையைச் சுத்தம் பண்ண ஆரம்பிக்கும், அந்தச் சூடு ஐட்லிங்ல சீக்கிரம் வராது.

அதுக்காக நீங்க பண்றதும் முழுசாச் சரின்னு சொல்லிட மாட்டேன். ராத்திரி முழுக்க நின்ன வண்டில ஆயிலெல்லாம் கீழ இறங்கிக் கிடக்கும், சில்லுனு இருந்தா கெட்டியாவும் இருக்கும், மேல வால்வைத் திறக்கற கேம் ஷாஃப்ட் வரைக்கும் போய்ச் சேர சில செகண்ட் ஆகும். அதனால ஆயில் லைட் அணைஞ்சப்புறம் ஒரு அரை நிமிஷம், சீட்பெல்ட் போட்டுக் கண்ணாடியைச் சரி பண்ற நேரம், அது போதும், பனி கொட்டற ஊர்னா கண்ணாடில உறைஞ்சதை உருக்கறதுக்குக் கொஞ்சம் கூட ஆகலாம். அப்புறம் கிளம்பிடுங்க, ஆனா முதல் 10, 15 நிமிஷம் ஆக்சிலேட்டரைப் போட்டு அழுத்தாதீங்க, ஆர்பிஎம்மை 2500க்குள்ள வெச்சு ஓட்டுங்க. டெம்பரேச்சர் முள்ளு நடுவுக்கு வந்தாச்சேன்னு உடனே மிதிக்கறவங்களும் இருக்காங்க, முள்ளு காட்டறது கூலன்ட் சூடு, ஆயில் சூடாக அதைவிட நேரம் ஆகும். நின்ன இடத்துல ஊய் ஊய்னு ரேஸ் குடுத்துச் சூடாக்கறது இருக்கு பாருங்க, அது ரெண்டையும் விட மோசம்.

அப்பாகிட்ட இன்னொண்ணும் சொல்லுங்க, மூடின ஷெட்டுக்குள்ள மட்டும் இன்ஜினை ஓடவிடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது வாசனையும் கிடையாது, ஆளைச் சாய்ச்சுடும்.

கேள்வி: காலைல நீலக் கலர்ல தெர்மாமீட்டர் மாதிரி ஒரு லைட் வருது, கொஞ்ச தூரம் போனதும் போயிடுது. கூலன்ட் தீர்ந்துபோச்சா?

பதில்: இல்ல, இன்ஜின் இன்னும் சில்லுனு இருக்குன்னு அர்த்தம், டெம்பரேச்சர் முள்ளு இல்லாத வண்டிங்கள்ல வரும். அது எரியற வரைக்கும் மெதுவா ஓட்டுங்க. அதே படம் சிவப்புல வந்தா கதை வேற, ஏசியை ஆஃப் பண்ணி ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்துங்க, ரேடியேட்டர் மூடியைத் தொடவே தொடாதீங்க. உள்ள இருக்கற கூலன்ட் பிரஷர்ல இருக்கறதால 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம அடங்கிக் கிடக்கும், மூடியைத் திறந்த அந்த நிமிஷமே பொங்கி முகத்துல அடிக்கும். நல்லா ஆறட்டும், அப்புறம் பாக்கலாம்.

கேள்வி: செக் இன்ஜின் லைட் வந்துச்சு. நண்பன் பேட்டரி வயரைக் கழட்டி மாட்டினான், போயிடுச்சு. நாலு நாள் கழிச்சு மறுபடி வந்துடுச்சு!

பதில்: வராம என்ன பண்ணும். உங்க நண்பர் அழிச்சது கோளாறை இல்ல, கோளாறு இன்னதுன்னு கம்ப்யூட்டர் எழுதி வெச்ச குறியீட்டை, அதாவது எரர் கோடை. ஸ்டியரிங்குக்குக் கீழ 16 பின் சாக்கெட் ஒண்ணு இருக்கும், அதுல ஸ்கேனரைச் சொருகினா அந்த எரர் கோடு வரும், பி0301னா முதல் சிலிண்டர்ல மிஸ்ஃபயர், அதாவது பெட்ரோல் சரியா எரியலைங்கற மாதிரி. அதைப் படிச்சுட்டு அப்புறம் அழிங்க. சில வண்டில பெட்ரோல் டேங்க் மூடியைச் சரியா இறுக்கலைன்னாலும் இந்த லைட் வரும், முதல்ல அதைப் பாருங்க. லைட் விடாம எரிஞ்சா மெதுவா ஓட்டிக் கொண்டுபோய்க் காட்டலாம். மின்னிச்சுன்னா மிஸ்ஃபயர் பலமா இருக்கு, எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள்ள போய் எரிஞ்சு அதையே உருக்கிடும், அப்ப ஓட்டாம நிறுத்திடறது நல்லது. பிளக்கோ காயிலோ மாத்தற சின்ன வேலைல முடிய வேண்டியது பெரிய செலவுல போய் நிக்கும்.

கேள்வி: ஓடிக்கிட்டிருக்கறப்போ பேட்டரி லைட் வந்தா பேட்டரி மாத்தணுமா?

பதில்: அவசரப்பட்டு வாங்கிடாதீங்க. இன்ஜின் ஓட்டத்துல கரண்ட் உண்டாக்கற ஆல்டர்னேட்டர் பேட்டரியைச் சார்ஜ் பண்ணலைன்னுதான் பெரும்பாலும் அர்த்தம், வண்டி ஓடறப்போ பேட்டரி முனைல 14 வோல்ட் பக்கம் காட்டணும், 12தான் காட்டுதுன்னா சார்ஜ் ஏறலை. பெல்ட் அறுந்திருக்கான்னு பாருங்க, சில வண்டில அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுத்துது, அதோட ஓட்டினா இன்ஜின் ஹீட் ஆயிடும்.

கேள்வி: ஒரு பழைய வண்டி பாத்திருக்கேன் சார், டேஷ்போர்டுல ஒரு லைட் கூட எரியலை, சுத்தமா இருக்கு. எடுத்துடலாமா?

பதில்: ஸ்டார்ட் பண்ணாம சாவியை மட்டும் ஆன்ல வெச்சுப் பாத்தீங்களா? முதல் கேள்வில சொன்ன மாதிரி அப்ப செக் இன்ஜின், ஆயில், ஏர்பேக், ஏபிஎஸ் எல்லாம் வந்தாகணும். வரலைன்னா பல்பைக் கழட்டியோ டேப் ஒட்டியோ வெச்சிருக்கலாம். ஸ்கேனர் மாட்டிப் பாக்காம அட்வான்ஸ் குடுத்துடாதீங்க.