இரண்டே அலசலில் சிக்கு விழுந்த சுருள் முடி: தவறு யாருடையது?

கேள்வி: என் தங்கையின் திருமணத்துக்காக, ‘அசல் மனித முடி, ரெமி’ என்று சொல்லி விற்கப்பட்ட 22 அங்குலச் சுருள் முடி கிளிப் செட் (சொந்த முடியோடு கிளிப்பால் மாட்டிக்கொள்ளும் இணைப்பு முடி) ஒன்றை 9,500 ரூபாய் கொடுத்து வாங்கினோம். வரவேற்பு அன்று பட்டு நூல்போல் இருந்த முடி, இரண்டாம் முறை அலசியதும் பந்தாகச் சுருண்டு சிக்கு விழுந்துவிட்டது. அளந்து பார்த்தால் 17 அங்குலம்தான் இருக்கிறது. கடையில் கேட்டால், ‘நீங்கள் கசக்கித் துவைத்துவிட்டீர்கள், விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது என்று பில்லிலேயே இருக்கிறது’ என்கிறார்கள். தவறு எங்களுடையதா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: நீளத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. சுருள் முடியை நீட்டிப் பிடித்து அளப்பதுதான் இந்தத் தொழிலில் வழக்கம். சுருள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு அங்குலம் கண்ணுக்குக் குறைந்து தெரியும். ஓர் இழையை நனைத்து, இழுத்து, அளவு நாடாவை வைத்துப் பாருங்கள். அப்போதும் 22 வராவிட்டால் அது தனிப் புகார்.

சிக்கு விழுந்ததுதான் முக்கியமானது. ஒவ்வொரு மயிரிழையின் மேலும் நுண்ணிய செதில்கள், வேரிலிருந்து நுனியை நோக்கி, கூரை ஓடுகளைப்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கின்றன. மீனைத் தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழுக்குவதும், வாலிலிருந்து தலைக்குத் தடவினால் உறுத்துவதும் எப்படியோ அப்படித்தான் முடியும். திருமலையிலும் பழனியிலும் முடிகாணிக்கையாக இறக்கப்படும் நீண்ட முடியைக் கட்டாகக் கட்டி எடுக்கும்போது வேர்கள் ஒரு பக்கமாகவே நிற்கின்றன. செதில்கள் கெடாமல், வேரும் நுனியும் மாறாமல் இருக்கும் இத்தகைய முடியைத்தான் ரெமி என்று சொல்ல வேண்டும். தெருவில் பாத்திரத்துக்கு மாற்றாக வாங்கப்படும் கழிவு முடியோ, சீப்பிலிருந்து உருவி எடுத்த முடி. அதில் வேரும் நுனியும் கலந்து கிடப்பதால் ஓர் இழையின் செதில் இன்னோர் இழையின் செதிலைப் பற்றிக்கொள்ளும். அது தெரியாமலிருக்க, அமிலக் குளியலில் செதில்களை அரித்துவிட்டு, மேலே சிலிகான் பூசிப் பளபளப்பாக்கி விற்பதுண்டு. சில அலசல்களில் பூச்சு கரைந்ததும் முடி தன் உண்மை நிலைக்கு வந்துவிடும். வரவேற்பில் பட்டாக இருந்து இரண்டாம் அலசலில் பந்தானது என்னும் உங்கள் விவரம் இந்தக் கதையோடு பெரிதும் ஒத்துப்போகிறது.

ஆனாலும் ஒரு கேள்வியை உங்களிடமும் கேட்க வேண்டியிருக்கிறது: வாளியில் முக்கி, துணியைப்போல் கசக்கினீர்களா? கசக்கியிருந்தால் நல்ல ரெமி முடியும் சிக்கு விழும். எனவே சிக்கு விழாத ஒரு கொத்திலிருந்து ஒற்றை இழையை எடுத்து, இரு விரல்களுக்கிடையே வேரிலிருந்து நுனிக்கும், நுனியிலிருந்து வேருக்கும் உருவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுக்கலும் மறுதிசையில் மெல்லிய உறுத்தலும் தெரிந்தால் செதில் இருக்கிறது. பத்து இழைகளில் சில ஒரு பக்கமும் சில மறுபக்கமும் உறுத்தினால் அது கலப்பு முடி. எந்தப் பக்கமும் உறுத்தாவிட்டால் செதிலை அரித்திருக்க வாய்ப்புண்டு. இன்னோர் இழையைக் கொளுத்தினால், மனித முடி பொசுங்கி விரலில் தேய்க்கப் பொடியாகும். செயற்கை இழை உருகிக் கெட்டியான மணியாக நிற்கும்.

சட்டம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. பில்லிலோ ரசீதிலோ கால வரம்பு குறிக்கப்படாதபோது, குறைபாடுள்ள பொருளை 30 நாள்களுக்குள் திரும்பப் பெற மறுப்பதை, 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற வணிக நடவடிக்கையாகக் கருதுகிறது. ‘திரும்பப் பெறப்படாது’ என்று அச்சடித்த ஒற்றை வரியைக் காட்டி அந்தப் பொறுப்பிலிருந்து கடை எளிதில் தப்பிவிட முடியாது. மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவருக்குச் சுகாதாரத்தைக் காரணம் காட்டிக் கடை மறுப்பது நியாயம். உங்களுடையது அந்த வகை அல்ல. கடைக்கு எழுத்து மூலம் புகார் கொடுத்து, முடியின் படங்களையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். பதில் இல்லாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். அதன் பிறகும் தீராவிட்டால், கடை எந்த ஊரில் இருந்தாலும் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. விற்பனையின்போது ‘ரெமி’ என்று வாயால் மட்டும் சொல்லியிருந்தால் வழக்கில் அது வலுவற்றுப் போகும். அடுத்த முறை அந்தச் சொல்லைப் பில்லில் எழுதி வாங்குங்கள்.

கேள்வி: என்னிடம் நேரான முடி செட் ஒன்றும், அலைமுடி செட் ஒன்றும் இருக்கின்றன. இரண்டும் மனித முடிதான். ஒரே மாதிரி பராமரித்தால் போதாதா? (ஒரு வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: போதாது. தலையில் வளரும் முடிக்கு மயிர்க்காலிலிருந்து எண்ணெய்ப் பசை இறங்கிக்கொண்டே இருக்கும்; வாங்கிய முடிக்கு அந்த வரத்து இல்லை. எனவே எல்லா வகைக்கும் கண்டிஷனர் வேண்டும் என்பது பொது விதி. அதற்குப் பிறகு வழிகள் பிரிகின்றன.

நேரான முடியை, நுனியில் தொடங்கிப் படிப்படியாக மேலேறி, அகன்ற பல் சீப்பால் உலர்ந்த நிலையிலேயே சிக்கெடுத்துவிட்டு அலச வேண்டும். அலையையும் சுருளையும் உலர்ந்த நிலையில் சீவினால் அவை பஞ்சாகப் பறக்கும். அவற்றை ஈரத்தில், கண்டிஷனர் வழுவழுப்போடு, விரலால் பிரித்த பிறகே சீப்பிட வேண்டும். உலர்த்தும்போது நேரான முடியைத் தொங்கவிடலாம். நெருக்கமான சுருளைத் தொங்கவிட்டால் நீரின் பாரத்தில் சுருள் இழுபடும் என்பதால், துண்டில் ஒற்றியெடுத்து, நிழலில் படுக்கவைத்து உலர்த்துவது நல்லது.

உங்கள் அலைமுடி எப்படி அலையானது என்பதையும் கடையில் கேட்டறியுங்கள். சூடான கம்பியால் சுற்றிய அலை ஒரு முறை நனைந்தாலே போய்விடும். நீர் பட்டதும் பிரிந்து, உலர்ந்ததும் மீண்டும் சேரும் மெல்லிய பிணைப்புகளை மட்டுமே அந்தச் சூடு மாற்றியிருக்கிறது. நீராவியிலோ ரசாயனத்திலோ பதியவைத்த அலை, நனைந்தாலும் நிற்கும். ஆனால் அந்த முடி ஏற்கெனவே அடிபட்டது. அதை அயர்ன் கொண்டு நேராக்கினால் பழைய அலை முழுதாகத் திரும்பாமலே போகலாம். இயற்கையாக அலையான முடி மட்டுமே நேராக்கினாலும் நனைத்ததும் அலைக்கு வந்து நிற்கும், அதுவும் சூடு அளவோடு இருந்தால். அயர்னை 180 டிகிரி செல்சியஸுக்கு மேல் வைக்க வேண்டாம். சாயமிட்ட முடிக்கு 150 போதும்.

ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர்தான் கிடைக்கிறது என்றால், கடைசி அலசலுக்கு மட்டுமாவது ஒரு சொம்பு குடிதண்ணீரை ஒதுக்குங்கள். உப்புப் படிந்த முடி துடைப்பக் குச்சிபோல் விறைத்துக்கொள்ளும்.

கேள்வி: மகளின் பரதநாட்டியத்துக்குப் பாட்டி காலத்துச் சவுரி இருக்கிறது. அதற்கும் இதெல்லாம் வேண்டுமா? எண்ணெய் வைக்கலாமா? (ஒரு தாய், கும்பகோணம்)

பதில்: மூன்று புரியாகக் கட்டிய பழைய சவுரிக்குத் தேங்காய் எண்ணெய் உகந்ததுதான், ஆனால் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேய்த்து நுனிப்பக்கம் தடவினால் போதும். அதிகமானால் பெட்டிக்குள் காறி வாடை பிடிக்கும். டேப் ஒட்டிய நவீன முடிக்கு ஒட்டுப் பகுதியில் எண்ணெயே ஆகாது, பசை விட்டுவிடும். சீயக்காய் போடுவதானால் கரைத்து வடிகட்டிய நீரை மட்டும் ஊற்றுங்கள். திப்பி புரிகளுக்குள் புகுந்தால் வெளியே வராது. நிகழ்ச்சி முடிந்ததும் பூவையும் குஞ்சலத்தையும் எடுத்துவிட்டு, வியர்வை ஈரம் முற்றிலும் போகும்வரை காற்றாட விட்டு, பருத்தித் துணியில் சுற்றி, இரண்டு கொத்து உலர்ந்த வேப்பிலையோடு வையுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சி முடியையும் அரிக்கும் என்பதால், மாதம் ஒரு முறை பிரித்து உதறிப் பார்ப்பது நல்லது.